ஒரு போனில் இரண்டு பேர்

"இடது பக்கத்துல இருந்தே ஆரம்பிச்சிடலாமே" என்று தலைவர் சொன்னதும் தமயந்திக்கு முதலில் தோன்றியது, அப்படியென்றால் தன் முறை கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும் என்பது. அதற்குள் ஒருமுறை எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்துவிடலாம் என்பது அடுத்தது. எழுந்து போன நேரத்தில் முறை வந்துவிட்டால் என்ற பயம் மூன்றாவதாக வந்தது. அது வந்த பிறகு மற்ற இரண்டுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. ஏசி நேராக அவள் பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை வந்த உடம்புக்கு ஏசியும் கூட்டமும் சேர்ந்தால் ஆகாது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது காபி குடித்திருக்கக் கூடாது. ஆனால் இரவு முழுக்க ரயிலில் கண்மூடாமல் சென்னை வந்து இறங்கியவளுக்குக் காபி இல்லாவிட்டால் தலை தொங்கிவிடும், மேஜையைச் சுற்றி இருப்பதே ஒரு பொம்பளை, அவளும் தூங்கி வழிந்தாள் என்று ஊரில் போய்ச் சொல்ல ஆள் இருக்கிறது. முட்டை வடிவ மேஜை. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை, அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும், ஆள் பெயர் கிடையாது. தலைவருக்கு அந்த நீளப் பெயர்களைச் சொல்லப் பொறுமையில்லை. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பல கமிட்டிகளைப் பார்த்தவர், "டெல்டா ஏன் சைலன்ட்டா இருக்கீங்க", "மேற்கு என்ன சொல்றீங்க" என்று திசை சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தமயந்தி காலையிலிருந்து தெற்கு. முப்பது வருஷமாக வணிகவியல் சொல்லிக்கொடுத்து, தொலைநிலைக் கல்வி இயக்ககத்தில் துறைப் பொறுப்பாளராகி, கடைசியில் ஒரு திசையாகிவிட்டாள். "விவாதம் போதும். சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், குறிப்புல ஏத்திட்டு டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றார் தலைவர். முதல் ஆள் தொண்டையைச் செருமினார். சம்மதம்.

சுவரில் இருந்த திரையில், எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாகப் போகிற வரையறை பெரிய எழுத்தில் நின்றது. பாடவேளைகளில் பாதிக்குக் குறையாத நேரம் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து திரையில் இருந்தவரே இணையவழி மாணவர். அவ்வாறு இல்லாதவர் பெயர் நடப்பு ஆண்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். எத்தனையோ முறை படித்தாயிற்று. படிக்கும்போதெல்லாம் கண் 'நடப்பு ஆண்டு' என்ற இடத்தில் இடறுகிறது. அடுத்த ஆண்டு என்று இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று காலையிலேயே யாரோ கேட்டார்கள், தரவரிசைப் பட்டியல் இந்த வருஷமே வெளிவர வேண்டும், மேலிடத்தில் கேட்கிறார்கள் என்று பதில் வந்தது, மேலிடம் என்றதும் கேட்டவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால் அவள் மாணவி இசக்கிராணிக்கு வள்ளியூர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை இல்லை. எழுதித் தேறிவிட்டாள், நேர்காணலும் முடிந்துவிட்டது, சான்றிதழைக் காட்டச் சொல்லி இடத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் படித்த பெண் திரையில் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை என்று கணினி சொல்கிறது. கணினி பொய் சொல்லவில்லை. அதுதான் தமயந்திக்குப் பிடிபடாத எரிச்சல். சொல்வதெல்லாம் உண்மையாக இருந்துகொண்டே ஒரு விஷயம் இவ்வளவு பெரிய பொய்யாகவும் எப்படி இருக்க முடியும் என்று அவள் பல நாளாக நினைத்து நினைத்து, நினைப்பு தேய்ந்துபோய், இப்போது வெறும் எரிச்சல் மட்டும் மிச்சம். சம்மதம் என்றது இரண்டாவது நாற்காலி.

ஒரே அளவுகோல் வேண்டும் என்பதில் அவளுக்கும் மறுப்பில்லை. காலையில் ஒவ்வொருவரும் தங்கள் இணையவழி மாணவர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு பல்கலைக்கழகம் விண்ணப்பம் போட்டவனையெல்லாம் மாணவன் என்கிறது. இன்னொன்று பரீட்சைக்குப் பணம் கட்டினவனை மட்டும். மேற்கில் ஒன்று, ஒரு பாடத்துக்கு ஒரு தலை என்று கணக்குப் போட்டு, ஆறு பாடம் படிக்கிறவனை ஆறு பேராக்கியிருந்தது. வேறொன்று வாட்ஸப் குழுவில் இருக்கிற எல்லாரையும் சேர்த்திருந்தது. அதில் பாடம் நடத்துகிற வாத்தியார்களும் அடக்கம். அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் பேராசிரியர் நல்லசிவம், வாயில் எப்போதும் பாக்கு, மெதுவாகச் சாய்ந்து, "மொய் எழுதுனவன், பந்தியில சாப்புட்டவன், செருப்பத் தேடிக்கிட்டு நிக்கிறவன், அத்தனை பேரையும் மாப்பிள்ளைன்னு எண்ணிப்புட்டாங்க மேடம்" என்றார். "உங்க ஊர்ல எப்படி சார்?" என்று அவள் கேட்டாள். "எங்க ஊர்லயா? நாங்க மண்டபத்தையும் சேத்து எண்ணிருவோம்." அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருந்தது. சிரிக்கும்போது மனசு இலேசாகிவிடுகிறது, இலேசானதும் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது, பரவாயில்லை என்று தோன்றியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

பரவாயில்லை என்றுதான் அன்றைக்கும் சொன்னாள். மூன்று வருஷம் முன்பு, சேர்க்கை முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. வகுப்பு முடிந்ததும் இரண்டு பெண்கள் மேஜையருகில் வந்து நின்றார்கள், முகம் பார்த்தாலே அக்கா தங்கை என்று தெரியும். மூத்தவள் முத்துப்பேச்சிக்கு வள்ளியூரில் ஜவுளிக்கடையில் வேலை. இளையவள் இசக்கிராணி வீட்டிலிருந்து பீடி சுற்றினாள். "மேடம், ஒரு சந்தேகம் கேக்கட்டா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போன்தான் மேடம். நான் கடைய முடிச்சு வந்து என் பேர்ல பாத்துட்டு, வெளிய வந்து, பொறவு இவ பேர்ல உள்ள போயி அதே பாடத்தத் திரும்பப் பாக்கணுமா?" தமயந்தி சிரித்தாள். "எதுக்குமா? நெட்டுதான் தீரும். ஒண்ணா உக்காந்து பாருங்க. பரவாயில்ல." "அவளுக்கு வந்ததாக் கணக்கு வருமா மேடம்?" அந்தக் கேள்வி மூத்தவள் கேட்டது. ஜவுளிக்கடையில் நின்று நின்று பழகியவளுக்கு, பில் போடாத சரக்கு கடைக்காரனுக்குச் சேராது என்று தெரிந்திருந்தது. "படிக்கிறதுதாம்மா முக்கியம்" என்று சொன்னது தமயந்தி. அதைச் சொன்னபோது தனக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படிக்கிறதுதான் முக்கியம் என்று சொல்ல ஒரு வாத்தியாருக்குக் கிடைக்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு விலை அவள் கொடுக்கவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் ஹெட்போன் வயரை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்டார்கள், மூத்தவளுக்கு இடது காது, இளையவளுக்கு வலது காது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எதிரே வாத்தியார் நின்று பேசும்போதுகூட இசக்கிராணி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வலது காதை முன்னால் தள்ளித்தான் கேட்பாள். பழகிவிட்டது. மூத்தவள் கணக்கில் நேரம் ஏறிக்கொண்டே வந்தது. இளையவள் கணக்கு சேர்ந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சம்மதம். யார் சொன்னது? டெல்டாவா? டெல்டா வந்துவிட்டதா, அப்படியென்றால் மூன்று பேர் முடிந்துவிட்டார்கள். அவள் கால்களைக் குறுக்கே போட்டு அடிவயிற்றை இறுக்கிக்கொண்டாள்.

டெல்டாவின் சம்மதத்தில் ஒரு தெம்பு இருந்தது. ஏன் இருக்காது. அவர்களிடமும் விளக்கு எரியும். விளக்குப் போடுகிற வழக்கம் அவள் இயக்ககத்தில் மட்டும்தான் என்று முன்பு நினைத்திருந்தாள். காலையில் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் பாதி நேரம் என்ற அளவைக் கேட்டுத் துளியும் பதறாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எல்லா ஊரிலும் எரிகிறது என்று புரிந்தது. வேறொன்றுமில்லை. மாணவன் தன் கணக்கில் நுழைந்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். காலையில் கணினி அறையில் தற்காலிக ஊழியர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, மாணவர்கள் கணக்கை வரிசையாகத் திறந்து, பாடத்தை ஓடவிட்டு, சத்தத்தை அமர்த்திவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆளில்லாத அறையில் வாத்தியார்கள் வாயசைத்துக்கொண்டிருப்பார்கள். இயக்குநர் ராஜமாணிக்கம் படியேறி வரும்போதே கேட்பார், "என்னப்பா, விளக்குப் போட்டாச்சா?" கோயில் குருக்களிடம் கேட்கிற மாதிரி. தமயந்திக்கு அது ஆகவில்லை. "என் துறையில வேண்டாம் சார்" என்று அவர் அறையிலேயே போய்ச் சொன்னாள். ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "உங்க இஷ்டம் மேடம். நீங்க அரிச்சந்திரன் பரம்பரை, நாங்க அப்படியா? ஆனா ஒரு நாளு எவனாவது எண்ண வருவான். அப்ப எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." எண்ண வந்தாயிற்று. வரலாற்றுத் துறையில், முகமே தெரியாத, பாடப் புத்தகத்தைப் பிரித்தே பார்க்காத, வளைகுடாவில் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிற பையன்கள்கூட முழு நேரம் திரையில் இருந்திருக்கிறார்கள். அவள் துறையில் விளக்குப் போடாததால், சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்ட பெண் பூஜ்யம். நேர்மையாக இருந்தது தமயந்தி, பட்டியலிலிருந்து போகப்போவது இசக்கிராணி. இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் அதே விடைதான். இப்போது போய் விளக்குப் போடவும் முடியாது. பழைய தேதியில் எரிய வைக்கிற வித்தை ராஜமாணிக்கத்துக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவரிடம் போய் நின்றிருப்பாளா? நின்றிருப்பாள். ரயிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தாள். நின்றிருப்போம் என்று தெரிந்தபோது தன் மேலேயே ஒரு நாற்றம் வந்த மாதிரி இருந்தது, ரயில் கம்பளியின் நாற்றம்தான், இருந்தாலும்.

சம்மதம், ஆனால் எங்களுக்குக் கணினி கொஞ்சம் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள். "எதுக்குங்க?" என்று தலைவர் அப்பாவியாகக் கேட்டார். "மாணவர் நலனுக்குத்தான் சார்." மேஜையைச் சுற்றி ஒரு மெல்லிய சிரிப்பு ஓடியது, எல்லோருக்கும் புரிகிற சிரிப்பு. தமயந்தி தன் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தபாலில் படித்தவள்தான், எம்.காம். கல்யாணமான மறு வருஷம். பழுப்புக் கவரில் பாடம் வரும், மாமனார் வாங்கிப் பரணில் போடுவார், படிப்பது தப்பு என்று அவர் சொன்னதில்லை, எடுத்துக் கொடுக்க மறந்துவிடுவார். ஒரு கவரையும் அவள் பிரிக்கவில்லை. சமையல் முடிந்த பிறகு கடையில் விற்கிற கைடைப் படித்து முதல் வகுப்பில் தேறினாள். அவளை அந்தக் காலத்தில் யாராவது அளந்திருந்தால் என்ன வந்திருக்கும்? அனுப்பிய கவரை எண்ணியிருந்தால் அவள் நல்ல மாணவி. பிரித்த கவரை எண்ணியிருந்தால் அவள் இல்லவே இல்லை. நல்லவேளை யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை, அதனால் இந்த நாற்காலி. அளக்கிற ஆசை எங்கே வந்தாலும் இப்படித்தான். அவள் கணவர் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் வருகிறார், டிவிக்கு எதிரே உட்கார்கிறார், படுக்கிற வரைக்கும் அங்கேதான் இருக்கிறார். உட்கார்ந்த நேரத்தை எண்ணினால் அவரை மிஞ்சின புருஷன் நெல்லைச் சீமையில் கிடையாது. போன மாதம் இசக்கிராணி விஷயத்தை ஆதியோடு அந்தமாக அவரிடம் சொன்னாள். முடிவில், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டபோது, "நாளைக்குத் தோசையே போதும்" என்றார். கோபம்கூட வரவில்லை. தோசைக்கு ஊறப்போட்டாள். இப்படி ஒரு ஆளோடு இருந்துவிட்டு, இருப்பது வேறு கேட்பது வேறு என்று இந்த மேஜைக்கு வந்து விளக்கம் சொல்லத் தனக்கு என்ன தகுதி குறைந்துவிட்டது என்று நினைத்தாள். எல்லாத் தகுதியும் இருக்கிறது. வாய்தான் வர வேண்டும். மேற்கு சம்மதம் என்றது. அவளுக்கு வலப்பக்கம் இன்னும் இரண்டு பலகை.

என்ன சொல்வது? இந்த வரையறை தப்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். திரையில் இருப்பவர்களெல்லாம் மாணவர்கள் இல்லை என்றால் எப்படித் தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு ஒரே பதில், கணினி அறை. அதைச் சொன்னால் ராஜமாணிக்கம் மட்டுமா போவார், அந்த இரண்டு தற்காலிக ஊழியர்கள் முதலில் போவார்கள், பிறகு இயக்ககத்தையே இழுத்து மூடுவார்கள், மூடினால் மூத்தவள் இளையவள் எல்லாரும் சேர்ந்து போவார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவள் பென்ஷன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அந்தப் பயத்தைக் கடைசியாகத்தான் நினைத்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் முதலில் வந்தது அதுதான், மற்றதையெல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிறுத்தினாள். காலையில் விடுதியிலிருந்து கிளம்பும்போது ராஜமாணிக்கம் போன் செய்தார். "நல்லபடியா போய்ச் சேந்தீங்களா மேடம்? ஒண்ணுமில்ல. சம்மதம்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. உங்களுக்குப் பேசத் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும், அதக் காட்டணும்னு அவசியமில்ல." சரி சார் என்றாள். சரி சார் என்றது நாக்குதான், யோசிக்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ரயிலேறும் முன் முத்துப்பேச்சி கூப்பிட்டிருந்தாள். பின்னால் கடையின் இரைச்சல், யாரோ பார்டர் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மேடம், இவ சோறே திங்க மாட்டேங்கா. ஒங்க கையிலதான் மேடம் இருக்கு." "என் கையில என்னமா இருக்கு, கமிட்டி முடிவு பண்ணும்." "அந்தக் கமிட்டியிலதான நீங்க இருக்கீங்க?" இருக்கிறாள். காலையிலிருந்து இருக்கிறாள், முழு நேரமும் இருந்திருக்கிறாள்.

விளக்கைத் தொடாமல் ஒரு வழி வேண்டும். யார் தலையையும் உருட்டாமல், யாரையும் கேள்வி கேட்காமல், வரையறையின் ஓரத்தில் ஒரு வரி. ஒரே போனில் இரண்டு பேர் படித்தால் இரண்டு பேரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இது குற்றச்சாட்டு இல்லை, வேண்டுகோள். ஏழை வீடு, ஒரு போன், இரண்டு பிள்ளைகள், இதைக் கேட்டு எவன் மறுப்பான்? ஏன் இது முன்பே தோன்றவில்லை? அவள் அந்த வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'இரண்டு பேர்' என்பதைவிட 'உடன்பிறந்தவர்கள்' என்றால் இரக்கம் வரும். இல்லை, 'ஒரே குடும்பத்தினர்' என்றால் தாயும் மகளும்கூட வருவார்கள், தேனிப் பக்கம் அப்படி ஒரு அம்மாவும் மகளும் சேர்ந்து படிப்பது அவளுக்குத் தெரியும். மென்பொருள் கம்பெனிக்காரர் வைத்தீஸ்வரன் தலைவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார், நாற்பது வயசிருக்கும், காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் முடியும் சார் முடியும் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், இதையும் முடியும் என்பார். வயிறு முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு பலகை. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் குடிக்கப் பயமாக இருந்தது. பேசிவிட்டால் ராஜமாணிக்கத்துக்கு டீக்கு முன்பே சேதி போய்விடும், போகட்டும், ஒரு வரிதானே, அவருக்கே அதில் நஷ்டமில்லை. முதல் தடவையாக இந்த நாளில் அவளுக்கு நெஞ்சு இலேசானது. சாயங்காலம் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, போய்ச் சோறு திங்கச் சொல்லு அவளை என்று அதட்டலாக ஒரு வார்த்தை. சம்மதம் என்றது வலப்பக்கத்து நாற்காலி.

"தெற்கு?"

"சார், ஒரு வரி மட்டும் சேக்கணும்" என்றாள். "எங்க பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும். அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சேந்து ஒரே போன்ல பாடம் பாக்குறாங்க. ஒருத்தி பேர்லதான் உள்ள போக முடியும். ஆனா படிக்கிறது ரெண்டு பேர். அதனால..."

"ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து சம்மதத்தைத் தவிர வேறு எதையாவது யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ரொம்ப முக்கியமான பாயின்ட். நாம யாருமே யோசிக்கலையே. வைத்தீஸ்வரன், ஒரே கருவியில ரெண்டு பேர் வந்தா உங்க சிஸ்டத்துக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ரெண்டு கணக்கும் எப்பவாவது ஒரே போன்ல திறந்திருந்தாலே காட்டிக்குடுத்துரும்."

"ஃபீஸ் கட்ட, ஹால் டிக்கெட் எடுக்கத் திறந்திருந்தாகூட?"

"எதுக்குத் திறந்தாலும் சார்."

"அப்ப ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் உக்காந்து நேரத்தை ஏத்துறதுக்கு வழி இருக்குன்னுதானே அர்த்தம்? அக்கா பாத்தாளா தங்கச்சி பாத்தாளா, யாருக்குத் தெரியும்? இது ஆள் மாறாட்டம்ல."

"சார், நான் சொல்ல வந்தது அது இல்ல. ரெண்டு பேரும் படிக்கிறாங்க. ரெண்டு பேரையும் எண்ணணும்னு..."

"புரியுது மேடம், புரியுது. நேர்மையா வெளிய கொண்டுவந்திருக்கீங்க, உங்க இடத்துல வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க. ஒரு கருவிக்கு ஒரு மாணவர். ஒரே கருவியில ரெண்டு கணக்கு இருந்தா, எது உண்மைன்னு தெரியாததால, ரெண்டையுமே நீக்கிறலாம். டைப் பண்ணுங்க."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பிறகு டெல்டா முன்னால் சாய்ந்தது. "சார், கேம்பஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர்? அதுல நிறையப் பசங்க வந்து உக்காருவாங்களே. பாவம், வசதியில்லாத பசங்க." ஆமாமா, அது கஷ்டம், அது பெரிய கஷ்டம் என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. காலையிலிருந்து இவ்வளவு உயிரோடு யாரும் பேசவில்லை. "நியாயம்தான்" என்றார் தலைவர். "பல்கலைக்கழக வளாகக் கணினிகளுக்கு இது பொருந்தாதுன்னு போட்டுருங்க. ஏழைப் பசங்க பாதிக்கக் கூடாது." அதுவும் முளைத்தது. தமயந்தி திரையைப் பார்த்தாள். நேற்று வரைக்கும், ஏன், பாத்ரூம் போகலாமா என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் வரைக்கும்கூட, முத்துப்பேச்சி பட்டியலில் இருந்தாள். இளையவளுக்கு இல்லாவிட்டாலும் மூத்தவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை இருந்தது. தேனியில் அந்த அம்மாவுக்கு இருந்தது. அவள் மைக்கை அழுத்தினாள், சிவப்பு எரிந்தது. "சார், எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் கேட்டது. "எப்படி இருக்கும்?" என்றார் தலைவர், வாத்சல்யத்தோடு. "வளாகக் கணினிக்கு விலக்குக் குடுத்தது உங்களுக்குப் பிடிக்கல. நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு உங்க டைரக்டர் அப்பவே சொன்னார். கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் மேடம். இதை உங்க பல்கலைக்கழகம் முன்மொழிஞ்சதாவே போடச் சொல்லிட்டேன். அடுத்தது?" "சம்மதம்" என்றார் நல்லசிவம், பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு. அவள் பக்கம் திரும்பவில்லை.

மைக்கில் சிவப்பு அணைந்திருந்தது, அவள் அணைக்கவில்லை. அவள் எழுந்தாள். இன்னும் பேச வேண்டும், தலைவரைத் தனியாகப் பிடிக்க வேண்டும், டீ வேளையில், அவர் தட்டில் சமோசா வைத்துக்கொண்டு நிற்கும்போது, சார் நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால், அவர் இன்னும் உருக்கமாகக் கேட்டுக்கொண்டு இன்னும் ஒரு விதி போடுவார். ஒவ்வொரு வார்த்தையும் எங்கே போய் விழும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவுப் பக்கம் நகர்ந்தவளை யாரோ முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்கள். "மேடம், ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிருங்க, பேப்பர்காரங்க வந்திருக்காங்க." அவளை முன்வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரே பெண், அதோடு முன்மொழிந்தவள். நாளைக் காலை படம் வந்துவிடும். இயக்ககத்தின் மாணவர் குழுவில் யாராவது போடுவார்கள், எங்க மேடம் என்று முத்துப்பேச்சிதான் முதலில் எழுதுவாள், எப்போதும் அவள்தான், கும்பிடுகிற கைகள் மூன்று போடுவாள், பிறகு வரிசையாக எல்லாரும் கும்பிடுவார்கள். அந்தக் குழுவில் யார் யார் வீட்டில் ஒரு போன் என்று தமயந்திக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம், கண்ணத் திறங்க" என்றார் போட்டோக்காரர். "கொஞ்சம் சிரிங்க."